சி டிரைவை அழிக்குமுன்



விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாப்ட் நிறுவனம் அளித்து வந்த வழக்கமான இலவசப் பராமரிப்பு 2025 அக்டோபர் 14 அன்று முடிவுக்கு வந்தது. அதன் நிமித்தம் அநேகர் தங்கள் வீட்டுக் கணினியைத் துடைத்துப் புதிதாக்க எண்ணுகிறார்கள். சிலர் விண்டோஸ் 11 போடுகிறார்கள். கணினி அதற்கு இடங்கொடாவிட்டால் லினக்ஸ் போடுகிறார்கள். டெல்லியின் நேரு பிளேஸானாலும், மும்பையின் லாமிங்டன் ரோடானாலும், பெங்களூரின் எஸ்.பி. ரோடானாலும், கடைக்காரர் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: "டேட்டா வேண்டுமா?" நம்மவர்கள் சொல்லும் பதிலும் பெரும்பாலும் ஒன்றுதான்: "சி டிரைவை மட்டும் அழியுங்கள், டி-யில் கை வைக்காதீர்கள்."

ஜாக்கிரதையான பதிலாகத்தான் தோன்றுகிறது. ஆகிலும் அநேக குடும்பங்கள் தங்கள் பொக்கிஷத்தை இழந்தது இந்தப் பதிலினாலேயே.

காரணம் எளிது. பார்ட்டிஷன் என்பது ஒரே டிஸ்க்கைத் தடுப்பு வைத்து அறைகளாய்ப் பிரிப்பது. சி-யில் விண்டோஸ், டி-யில் நம்முடைய காரியங்கள் என்று நாம் மனதில் பிரித்து வைத்திருக்கிறோம். கணினி அப்படிப் பிரித்து வைப்பதில்லை. டெஸ்க்டாப், டாக்குமெண்ட்ஸ், பிக்சர்ஸ், டவுன்லோட்ஸ் ஆகிய நான்கும், நாமாக மாற்றியிருந்தாலொழிய, சி டிரைவில் யூசர்ஸ் என்னும் ஃபோல்டருக்குள்ளேயே இருக்கின்றன. கைப்பேசியைக் கம்பியால் இணைத்துப் படங்களை இறக்கினால், அவை சாதாரணமாய்ச் சேருமிடம் அங்குள்ள பிக்சர்ஸ். பிள்ளைகளின் பள்ளி வேலை டெஸ்க்டாப்பில். பிரவுசரில் சேமித்த பாஸ்வேர்டுகளும் அதே சி-யில்தான்.

எனக்குத் தெரிந்த ஒரு குடும்பத்தில், ஊரிலிருந்த தாயார் மரிப்பதற்கு முந்தின கோடையில் பேரப்பிள்ளைகளோடு பேசிச் சிரித்த வீடியோ, "அம்மா" என்ற ஃபோல்டரில் டெஸ்க்டாப்பின் நடுவிலேயே இருந்தது. கண்ணெதிரே இருந்தபடியால் அது எந்த டிரைவில் இருக்கிறதென்று யாரும் யோசிக்கவில்லை. மகன் கடைக்காரரின் அருகிலேயே நின்று டி டிரைவைப் பத்திரமாய்க் காத்துக்கொண்டார். வீட்டுக்கு வந்து திறந்தபோது டி-யில் இருந்தவை பிரிண்டர் மென்பொருளும் பழைய பாட்டுகளுமே. கடைக்காரர்மேல் குற்றமில்லை, சொன்னதைத்தான் செய்தார்.

ஆகையால் முதல் வேலை, யூசர்ஸ் ஃபோல்டரில் உங்கள் பெயரில் உள்ளதை முழுவதும் வெளி ஹார்ட் டிஸ்க் ஒன்றில் பிரதி எடுப்பது. டி-யில் பிரதி எடுத்தால் போதாது. ஒரே டிஸ்க் பழுதானால் இரண்டு அறைகளும் சேர்ந்தே போய்விடும். பிரதி எடுத்தபின் அந்த வெளி டிஸ்க்கை வேறொரு கணினியில் மாட்டி, நாலைந்து படங்களையும் ஒரு வீடியோவையும் திறந்து பாருங்கள். அதன் பிறகே அழியுங்கள்.

தமிழர்களாகிய நமக்கு விசேஷமாய் ஒரு காரியம் உண்டு. யூனிகோடு பரவுமுன் நம்மில் அநேகர் பாமினி போன்ற எழுத்துருக்களில் கடிதங்களையும், குடும்ப வரலாறுகளையும், திருமண அழைப்பிதழ்களையும் தட்டச்சு செய்தோம். அந்த எழுத்துருக்கள் இருப்பது சி டிரைவின் விண்டோஸ் ஃபோல்டருக்குள், ஃபாண்ட்ஸ் என்னுமிடத்தில். கோப்பைக் காப்பாற்றி எழுத்துருவை விட்டுவிட்டால், தகப்பனார் சொல்லச் சொல்ல எழுதின கடிதம் பொருளில்லாத ஆங்கில எழுத்துக்களாய்த் திரையில் நிற்கும். எழுத்துரு கிடைத்தால் மறுபடியும் வாசிக்கலாம். அதின் பெயரே மறந்துபோனால் தேடுவது கடினம். எழுத்துருக்களையும் சேர்த்துப் பிரதி எடுங்கள்.

வீட்டிலேயே செய்பவர்களுக்கு அடுத்த கண்ணி நிறுவும் திரையில் இருக்கிறது. அங்கே சி என்றும் டி என்றும் எழுத்துக்கள் இரா. பார்ட்டிஷன் 1, 2, 3 என்று எண்களும், ஒவ்வொன்றின் அளவும், பெயர் வைத்திருந்தால் அந்தப் பெயருமே இருக்கும். 100 எம்.பி., 16 எம்.பி. என்று நாம் அறியாத சிறு பார்ட்டிஷன்களும் நடுவில் வரும். 1 டி.பி. டிஸ்க்கைச் சரிபாதியாய்ப் பிரித்திருந்தால் இரண்டும் ஏறக்குறைய 465 ஜி.பி. என்று ஒன்றுபோலவே நிற்கும். முந்தின நாளே டி-க்கு "குடும்பம்" என்றோ வேறு விதமாகவோ பெயர் கொடுத்து, அளவுகளை ஒரு தாளில் குறித்து வையுங்கள். பிரதி எடுத்த வெளி டிஸ்க்கைக் கழற்றி அலமாரியில் வைத்துவிட்டுத்தான் நிறுவத் தொடங்கவேண்டும். அந்தத் திரையில் அதுவும் ஒரு எண்ணாய்த் தோன்றும்.

புதிய மடிக்கணினிகளில் டிஸ்க் முழுவதும் தானாகவே பூட்டப்பட்டிருப்பதும் உண்டு. அப்படியானால், நீங்கள் தொடாமல் விட்ட டி டிரைவும் புதிய விண்டோஸில் 48 இலக்க மீட்பு எண்ணைக் கேட்கும். அது பெரும்பாலும் உங்கள் மைக்ரோசாப்ட் கணக்கில் இருக்கும். முன்னதாகவே எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

தவறி அழித்துவிட்டீர்களா? கணினியை உடனே அணைத்துவிடுங்கள், வேறொன்றையும் நிறுவாதேயுங்கள். நிறுவும்போது நடக்கும் ஃபார்மேட் ஒரு புத்தகத்தின் பொருளடக்கத்தைக் கிழிப்பது போன்றது. பக்கங்கள் அப்படியே இருக்கும், புதிய எழுத்து மேலே விழும்வரை. சுழலும் பழைய டிஸ்க்கானால் மீட்பவர்களிடம் கொண்டுபோகலாம். எஸ்.எஸ்.டி. என்றால் நம்பிக்கை மிகவும் குறைவு. அழிந்ததாய்க் குறிக்கப்பட்டதை அது தானே சுத்திகரித்துவிடும்.

இதே காரணத்தினால், கணினியை விற்பவர்கள் நேர்மாறாய்ச் செய்யவேண்டும். அமெரிக்காவின் எம்.ஐ.டி.யைச் சேர்ந்த கார்ஃபிங்கெல், ஷெலாட் என்னும் இருவர் பழைய டிஸ்க்குகள் 158-ஐ விலைக்கு வாங்கி ஆராய்ந்து 2003-இல் முடிவை வெளியிட்டார்கள். படிக்க முடிந்த 129-இல் சரியாய் அழிக்கப்பட்டிருந்தவை 12 மாத்திரமே. மற்றவற்றில் கடன் அட்டை எண்கள் ஆயிரக்கணக்கில் கிடைத்தன. நம் கணினிகளில் ஆதார், பான் அட்டைகளின் பிரதிகள் இருக்கின்றன. பழைய டிஸ்க்கானால் வேறொரு கணினியில் மாட்டி, "குவிக் ஃபார்மேட்" என்ற குறியை எடுத்துவிட்டு முழு ஃபார்மேட் செய்யுங்கள். பல மணிநேரம் பிடிக்கும். இரவில் ஓடவிட்டுப் படுத்துக்கொள்ளலாம்.