ஆறு செத்தால் ஊர் பிழைக்காது!



வெள்ளியங்கிரி மலையில் பிறந்து கோவை, திருப்பூர், ஈரோடு, கரூர் மாவட்டங்களைக் கடந்து காவிரியில் சேர்கிறது நம் நொய்யல். மலையடிவாரத்தில் கண்ணாடி மாதிரி ஓடும் தண்ணீர் நம்ம பக்கம் எப்படி வந்தது? ஒரு நாள் சிவப்பு, ஒரு நாள் நீலம், கூடவே நுரை. நாம் மறந்துவிடவில்லை!

சாயம் கண்ணுக்குத் தெரிகிறது. ஆனால் மண்ணைக் கெடுத்தது உப்பு. துணியில் சாயம் பிடிக்க மூட்டை மூட்டையாக உப்புப் போடுகிறார்கள். அது துணியில் தங்குவதில்லை. கழிவுத் தண்ணீரோடு வெளியே வந்துவிடும். சுண்ணாம்பு போட்டு நிறத்தை எடுக்கலாம், உப்பு போகாது. "தண்ணி தெளிவாத்தானுங்களே இருக்குது" என்று சொன்னவர்கள் மறைத்தது இதைத்தான். அந்தத் தண்ணீர் பாய்ந்த மண் இறுகிப் போகும். ஈரம் இருந்தும் வேர் உறிஞ்ச முடியாது. கிணறு கரிக்கும். ஒரு மழையில் இது சரியாகாது.

பாசனத்துக்கென்று 1992இல் கட்டி முடித்த ஒரத்துப்பாளையம் அணை சாயக்கழிவுத் தொட்டி ஆனது. அணை கட்டினால் தண்ணீர் கேட்பான் விவசாயி. இங்கோ, "ஐயா, தேக்காதீங்க" என்று கேட்க வேண்டிய கொடுமை!

விவசாயிகள் சும்மா இருக்கவில்லை. நீதிமன்றம் போனோம். அசுத்தம் செய்தவரே அதற்கான செலவையும் ஏற்க வேண்டும் என்று பாலாற்றுத் தோல் கழிவு வழக்கில் 1996இலேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. நொய்யல் வழக்கில் 2006இல் சென்னை உயர் நீதிமன்றமும், 2009இல் உச்ச நீதிமன்றமும் கண்டிப்பான தீர்ப்புத் தந்தன. அதற்கும் பணியாததால், 2011 ஜனவரியில் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது உயர் நீதிமன்றம். அதன் பிறகுதான் ஒரு சொட்டுக் கழிவும் வெளியே விடாத முறைக்கு வந்தார்கள்.

அதோடு முடிந்ததா? மழை வெள்ளம் வரும் நாளில் நுரையை இன்னமும் பார்க்கிறோம். நகரத்துச் சாக்கடையும் ஆற்றில்தான் விழுகிறது.

பனியன் தொழில் வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. நம்ம பிள்ளைகளும் அங்கேதான் வேலைக்குப் போறாங்க. தொழிலின் லாபம் ஒருவருக்கு, உப்பு இன்னொருவருக்கு என்பதைத்தான் ஏற்க மாட்டோம்.

நமக்கும் கடமை உண்டு. வாய்க்காலில் பிளாஸ்டிக்கும் கோழிக்கழிவும் கொட்டுவது நம்ம ஊர் ஆட்கள்தானே? அதைத் தடுக்காமல் அடுத்தவரைக் கேட்க நமக்கு என்ன வாய் இருக்கிறது?

நாம் கேட்பது:

1. ஆற்றோரக் கிணறுகளின் உப்பு அளவை அரசு தவறாமல் சோதித்து, முடிவை ஊராட்சி அலுவலகத்தில் ஒட்ட வேண்டும்.

2. கழிவு விடுவோர் மீது உடனடி நடவடிக்கை. கெட்ட நிலத்தைச் சீர்செய்யும் செலவு அவர்கள் தலையில்.

3. சாக்கடையைச் சுத்திகரிக்காமல் ஆற்றில் விடக்கூடாது.

கிராம சபையில் தீர்மானம் போடுங்கள். நுரை கண்டால் தேதி, இடத்தோடு எழுதி வையுங்கள். குறைதீர்க்கும் நாளில் கூட்டமாக வாருங்கள். தனியாகப் போனால் மனு. சேர்ந்து போனால் கோரிக்கை!

ஒன்றுபடுவோம்! நொய்யலை மீட்போம்!