பெட்டியைத் திறக்காத பொம்மைக்கு மதிப்புரை எதற்கு?

அன்பு மாணவச் செல்வங்களே, சொந்தபந்தங்களே,

கொஞ்சம் நீளமான பதிவு. காபியைக் கையில் வைத்துக்கொண்டு படியுங்கள். சண்டை போடத்தான் எழுதுகிறேன்.

என் தம்பி மகன் 'டாய் ஸ்டோரி' படத்துப் பொம்மைகளைச் சேர்க்கிறான். வரவேற்பறையில் கண்ணாடி அலமாரி, உள்ளே விளக்கு. உட்டி, பஸ் லைட்இயர், ஜெஸ்ஸி, எல்லாரும் பிரிக்காத பெட்டிக்குள் நிற்கிறார்கள். புதிதாக ஒன்று வந்தால் வீடியோவில் மதிப்புரை வேறு. தொப்பியின் நிறம் படத்தில் உள்ளதுபோல் இருக்கிறதா, பெட்டியின் மூலை நசுங்கியிருக்கிறதா, பத்துக்கு எத்தனை மதிப்பெண் என்றெல்லாம் சொல்வான்.

போன மாதம் அவன் வீட்டுக்குப் போனேன். ஐந்து வயது மகள் அலமாரி முன்னால் நின்றுகொண்டிருந்தாள், இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு. "ஏம்மா கண்ணு இப்படி நிக்கிற?" என்று கேட்டேன். "கை தானா போயிடும் அத்தைப்பாட்டி, அதான்" என்றாள்.

அன்று ராத்திரி எனக்குச் சரியாகத் தூக்கம் இல்லை. மறுநாள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் கேட்டேன். "அத்தை, அது பொம்மை இல்லை, கலெக்டிபிள். உங்களுக்குப் புரியாது" என்று பதில் வந்தது. புரியாது என்று சொன்னால் டீச்சர் சும்மா இருப்பாளா? உட்கார்ந்து படங்களைப் பார்த்தேன்.

முதல் படம் 1995இல் வந்தது. முழுக்க முழுக்கக் கணினியிலேயே உருவான முதல் முழுநீளப் படம் அதுதான். ஆனால் தம்பி மகன் திரும்பப் பார்க்க வேண்டியது 1999இல் வந்த இரண்டாவது படம். அதில் பொம்மை சேர்க்கிற ஒரு வியாபாரி உட்டியைத் திருடிப்போய், ஜப்பானில் உள்ள ஓர் அருங்காட்சியகத்துக்கு விற்கப் பார்க்கிறான். கிழிந்த கையைத் தைக்க ஒரு கிழவர் வருகிறார். தைத்து முடித்துவிட்டு, காலணியின் அடியில் குழந்தை ஆண்டி எழுதிய தன் பெயரின் மேல் வண்ணம் பூசி மறைத்துவிடுகிறார். பிறகு உட்டி அந்த வண்ணத்தைச் சுரண்டி எடுக்கிறான், பெயர் மறுபடி தெரிகிறது. அந்த இடத்தில் எனக்குக் கண் கலங்கியது, ஒப்புக்கொள்கிறேன்.

அந்தக் கதையில் கெட்டவனாக மாறும் பொம்மை யார் தெரியுமா? ஸ்டிங்கி பீட். பெட்டியைவிட்டு வெளியே வராத, எந்தக் குழந்தையும் கையில் எடுக்காத பொம்மை. அந்த வயிற்றெரிச்சல்தான் அவனைக் கெடுக்கிறது. பொம்மை முகத்தில் படம் வரைகிற ஒரு சிறுமியின் பையில் அவனைச் சேர்த்துப் படம் அவனுக்குப் பாடம் சொல்கிறது. இந்தப் படத்தை மனப்பாடமாகத் தெரிந்தவர்கள்தான் பொம்மையைப் பெட்டியிலேயே வைத்துப் பூட்டுகிறார்கள்! பாடத்தை ஒப்பித்துவிட்டுப் பொருள் கேட்டால் முழிக்கிற பையன்களைப் போல.

இனி மதிப்புரைக்கு வருகிறேன். ஜூன் மாதம் முதல் நாள் புதுச் சீருடையில் வரும் பிள்ளையைப் பார்த்து நான் ஆண்டு மதிப்பெண் போட்டிருந்தால் நீங்கள் ஒத்துக்கொண்டிருப்பீர்களா? பெட்டிக்கு வெளியே இருந்து பொம்மைக்கு மதிப்பெண் போடுவதும் அதேதான். தோள் மூட்டு எத்தனை மாதத்தில் தளர்ந்தது, முதுகுக் கயிற்றை நூறு முறை இழுத்த பிறகும் பேசுகிறதா, குழந்தை அதற்கு என்ன பெயர் வைத்தது? இதற்குப் பதில் ஒரு வருடம் கழித்துத்தான் வரும்.

அவன் தரப்பில் நியாயம் இல்லாமல் இல்லை. போலிப் பொம்மையைக் கண்டுபிடிக்கவும், மட்டமான தையலுக்குப் பணத்தைக் கொட்டாமல் இருக்கவும் அந்த வீடியோக்கள் உதவுகின்றன. அவன் சம்பாத்தியம், அவன் ஆசை. "கொலு பொம்மையை மட்டும் தொட விடுவீங்களா?" என்றும் கேட்டான். நல்ல கேள்விதான். கொலு பொம்மை பார்க்க வைப்பதற்காகவே செய்த மண் பொம்மை. அதற்குக்கூடப் பிள்ளைகள் கூடவே உட்கார்ந்து படி அடுக்குவார்கள், பக்கத்தில் விளையாடச் சொப்புச் சாமான் இருக்கும். உட்டியோ கயிற்றை இழுத்தால் பேசுவதற்கென்றே செய்தவன்.

"பிற்காலத்தில் விலை ஏறும்" என்கிறான். பழைய பொம்மைக்கு ஏன் விலை? மற்றக் குழந்தைகள் தங்கள் பொம்மைகளை விளையாடி உடைத்துவிட்டதால்தான் மிஞ்சியது அரிதாகிறது. எல்லாரும் பெட்டியிலேயே வைத்தால் எது அரிது?

இவ்வளவு பேசுகிறவள் யோக்கியமா என்று கேட்பீர்கள். இல்லை. 1987இல் தொடங்கிய கரும்பலகைத் திட்டத்தில் தொடக்கப் பள்ளிகளுக்கு உலக உருண்டை, அறிவியல் பெட்டி, விளையாட்டுச் சாமான்கள் எல்லாம் கொடுத்தார்கள். எங்கள் பள்ளிக்கும் வந்தது. உடைந்தால் இருப்புப் பதிவேட்டுக்கு யார் பதில் சொல்வது என்ற பயத்தில் பீரோவில் வைத்துப் பூட்டினோம். சாவி பிறகு என் கைக்கு வந்தது. நானும் திறக்கவில்லை. ஆய்வுக்கு அதிகாரி வரும் நாளில் துடைத்து மேஜைமேல் அடுக்குவோம், அவர் போனதும் உள்ளே வைப்போம். கடைசியில் திறந்தபோது மரக்கட்டைகளில் பாதியைக் கரையான் தின்றிருந்தது. பதிவேட்டில் மட்டும் எல்லாம் "நல்ல நிலையில்" இருந்தது.

என்னிடம் அந்த வருடங்களில் படித்தவர்களே, உங்கள் கைக்கு வந்திருக்க வேண்டியவை அவை. மன்னித்துக்கொள்ளுங்கள். அலமாரி முன்னால் கையைக் கட்டி நின்ற குழந்தையைப் பார்த்தபோது நீங்கள்தான் ஞாபகத்துக்கு வந்தீர்கள்.

தம்பி மகனே, அலமாரி முழுவதையும் திறக்கச் சொல்லவில்லை. ஒரே ஒரு உட்டியை எடுத்து அவள் கையில் கொடு. காலணி அடியில் அவள் பெயரை அவளே எழுதட்டும். ஒரு வருடம் கழித்து அந்தப் பொம்மைக்கு ஒரு மதிப்புரை போடு, அவளையும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு. அதை நான் கட்டாயம் பார்ப்பேன்.

மற்றவர்கள் கமெண்டில் திட்டலாம். எழுத்துப் பிழை இல்லாமல் திட்டுங்கள்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்