உதிரிப்பாகத்துக்கும் பூட்டா?

பழைய லாரியைக் கண்டால் சீமான் முகம் சுளிக்கிறார். "இன்னுமா இது ஓடுகிறது?" என்று கேட்கிறார். ஓடுகிறது, ஐயா! ஓட்டுகிறவன் வீட்டில் உலை கொதிக்க வேண்டுமே, அதற்காக ஓடுகிறது! உங்கள் கண்ணுக்கு அது துருப்பிடித்த இரும்பு. அவனுக்கோ அதுதான் நிலம், அதுதான் சொத்து, அதுதான் சோறு!

அந்த வண்டி நடுவழியில் நிற்கிறதே, எதனால்? பல நேரம் ஒரு பேரிங், ஒரு கிளட்ச் பிளேட், உள்ளங்கையில் அடங்கும் ஒரு பல்சக்கரம் கிடைக்காததால்! ஏற்றிய சரக்கு ஒரு பக்கம் அழுகுகிறது. கடன் தவணை மறுபக்கம் கழுத்தை நெரிக்கிறது. கேட்டால், "அந்த மாடல் நின்றுவிட்டது" என்கிறார்கள். நின்றது உங்கள் ஆலையில், கனவான்களே; எங்கள் சாலையில் நிற்கவில்லையே!

2014 மே மாதம் உத்தரபாரா ஆலையில் அம்பாசிடர் கார் உற்பத்தி நின்றது. அதன் பிறகும் அந்தக் கார்கள் வாடகைக்கு ஓடினவே, எப்படி? சென்னைப் புதுப்பேட்டை போன்ற கடைத்தெருக்களால்! கழித்துக்கட்டிய வண்டியைப் பிரித்து, நல்ல பாகத்தைப் பொறுக்கி எடுத்து, இல்லாததை லேத் பட்டறையில் கடைந்து பொருத்துகிறானே தொழிலாளி, பட்டம் பெறாத அந்தப் பொறியாளனின் கைத்திறத்தால்!

அந்தக் கைகளுக்கும் விலங்கு பூட்டப் பார்த்தார்கள், தோழர்களே! 2011-ல் இந்தியப் போட்டி ஆணையத்திடம் ஒரு புகார் போயிற்று. விசாரித்த ஆணையம், 2014 ஆகஸ்ட் 25 அன்று 14 கார் கம்பெனிகளுக்கு 2,544 கோடி ரூபாய் தண்டம் விதித்தது. என்ன குற்றம்? உதிரிப்பாகங்களை வெளிச்சந்தையில் தாராளமாகக் கிடைக்கவிடவில்லை. கோளாறு கண்டறியும் கருவிகளையும் பழுதுபார்க்கும் குறிப்பேடுகளையும் தனிப் பட்டறைகளுக்குக் கொடுக்கவில்லை. காரை விற்றார்கள், காசு வாங்கினார்கள். காருக்கு வரும் நோயையும் தமக்கே குத்தகை எடுத்துக்கொண்டார்கள்!

கம்பெனிகள் மேல்முறையீடு செய்தன. 2016 டிசம்பரில் மூன்று கம்பெனிகளின் மேல்முறையீட்டில், குற்றம் உறுதியாயிற்று, தண்டமோ குறைந்தது! அது கார் வழக்குத்தான். ஆனால் அது புகட்டும் பாடம் லாரிக்கும் உண்டு.

"போலிச் சாமான் உயிரைக் குடிக்குமே?" என்பார்கள். குடிக்கும்; மறுக்கவில்லை. பிரேக்கில் போலி என்றால் பாதையில் பிணம்! ஆனால் போலி ஏன் பிறந்தது? அசல் கிடைக்கவில்லை, கிடைத்தாலும் விலை கட்டவில்லை. அசலைப் பூட்டிவைத்தவரே போலிக்கு வாசல் திறந்துவிட்டார்!

"பழைய வண்டி புகை கக்குகிறதே?" என்பார்கள். அந்தப் புகையை முதலில் குடிப்பவன் ஓட்டுநர்தானே! 15 ஆண்டு கடந்த கனரக வண்டியின் தகுதிச் சான்றுக் கட்டணத்தை, 2022 ஏப்ரல் 1 முதல் 1,500 ரூபாயிலிருந்து 12,500 ரூபாயாக உயர்த்தியது டில்லி சர்க்கார். நாம் கேட்கிறோம்: ரசீதைக் காட்டினால் புகை அடங்குமா? நல்ல நாசிலும், பழுது நீக்கிய டீசல் பம்பும் அல்லவா அடக்கும்! அவை நியாய விலைக்குக் கிடைக்க வழி செய்யாமல் கட்டணத்தை மட்டும் ஏற்றுவது, மருந்துக்கடையை மூடிவிட்டு நோயாளிக்கு அபராதம் போடுவதாகும்!

2022 ஜூலையில் பழுதுபார்க்கும் உரிமை பற்றி ஆராய மத்திய நுகர்வோர் துறை குழு அமைத்தது. அதன் பட்டியலில் வாகனமும் இடம்பெற்றது. குழு வைத்ததால் கியர் விழுமா? சட்டம் வேண்டும். ஒரு மாடலை நிறுத்தினாலும் குறிப்பிட்ட ஆண்டுகள்வரை அதன் பாகங்களைச் செய்து தரவேண்டும். அவை எல்லாக் கடையிலும் கிடைக்கவேண்டும். குறிப்பேடும் கருவியும் எல்லாப் பட்டறைக்கும் எட்டவேண்டும். காலாவதியான வண்டியைக் கழிக்கச் சொன்னால், அதை நம்பி வாழ்பவன் அடுத்த வண்டி வாங்கக் கைகொடுக்கவும் வேண்டும்.

சலுகையா கேட்கிறோம்? விலை கொடுத்து வாங்கிய வண்டியைப் பழுதுபார்த்து ஓட்டும் உரிமையைக் கேட்கிறோம். பழுதானது வண்டி, பட்டினி கிடப்பது உழைப்பாளியா? பூட்டைத் திறக்கட்டும், மற்றதை நம் பட்டறைத் தோழர்கள் பார்த்துக்கொள்வார்கள்!