இரத்தத்திற்கு விலை இல்லை, கட்டணம் எதற்கு?

இரத்தம் விற்பனைக்குரிய பொருளன்று என்பதை, 2023 டிசம்பர் இறுதியில் இந்திய மருந்துக் கட்டுப்பாட்டுத் தலைமை அலுவலகம் மாநிலங்களுக்கு அனுப்பிய கடிதம் மீண்டும் வலியுறுத்தியது. இரத்த வங்கிகள் பதப்படுத்தும் கட்டணத்தை மட்டுமே பெறலாம். விலைக்கும் கட்டணத்திற்கும் உள்ள வேறுபாட்டை இரத்தத்தின் இயல்பைக் கொண்டே நீங்கள் அறியலாம்.

இரத்தத்தில் ஏறத்தாழ 55 விழுக்காடு பிளாஸ்மா என்னும் திரவமாகும். எஞ்சியவை சிவப்பணுக்கள், வெள்ளையணுக்கள், தட்டணுக்கள். இவை எலும்பு மஜ்ஜையில் உருவாகின்றன. சிவப்பணுவின் ஆயுள் சுமார் 120 நாள்கள். மருத்துவமனைகளின் தேவைக்கேற்ப இவற்றை எந்த ஆலையிலும் உற்பத்தி செய்ய இயலாது. எனவே, கொடையே ஒரே வழி.

கொடையாகப் பெற்ற இரத்தத்தை அப்படியே ஏற்றுவதில்லை. எச்.ஐ.வி., ஹெபடைடிஸ் பி, சி, சிபிலிஸ், மலேரியா ஆகியவற்றுக்கான பரிசோதனைகள் கட்டாயம். 1901-இல் கார்ல் லேண்ட்ஸ்டெய்னர் கண்டறிந்த ஏ, பி, ஓ வகைப்பாடும் ஆர்.எச். காரணியும் உறுதிசெய்யப்படுகின்றன. பொருந்தாத இரத்தம் ஏற்றப்பட்டால், பெறுபவரின் எதிர்ப்பொருள்கள் அச்சிவப்பணுக்களைச் சிதைக்கும், உயிரிழப்பும் நேரலாம். பின்னர் இரத்தக் கூறுகள் பிரிக்கப்பட்டுத் தனித்தனி வெப்பநிலையில் பாதுகாக்கப்படுகின்றன. இப்பணிகளுக்கே கட்டணம். தலசீமியா, ஹீமோபிலியா, அரிவாள் செல் நோயாளிகளுக்கு அதுவும் வேண்டியதில்லை என்பது தேசிய வழிகாட்டுதல்.

எனினும், விதி மட்டும் போதாது. சிவப்பணுக்களை அதிகபட்சம் 42 நாள்களும் தட்டணுக்களைப் பொதுவாக 5 நாள்களும் மட்டுமே சேமிக்க முடியும். இருப்புக் குறையும்போது, மாற்றுக் கொடையாளரைத் தேடி உறவினர்கள் அலைய நேரிடுகிறது. அந்தப் பதற்றமே பணத்திற்கு இரத்தம் தருவோருக்கு வழிதிறக்கிறது. பணத்தை எதிர்பார்ப்பவர் தம் நோயை மறைக்கக்கூடும். தொற்றின் தொடக்கநிலையில் பரிசோதனையும் அதனைக் கண்டறியத் தவறலாம். உச்ச நீதிமன்றத்தின் 1996-ஆம் ஆண்டுத் தீர்ப்பையடுத்து, 1998 ஜனவரி 1 முதல் தொழில்முறைக் கொடை தடைசெய்யப்பட்டுள்ளது.

ஆகவே, கட்டணத்திற்குரிய இரசீதைக் கேட்டுப் பெறுங்கள். உங்களுக்கு 18 முதல் 65 வயதிற்குள் இருந்து, எடை 45 கிலோவிற்கும் ஹீமோகுளோபின் 12.5 கிராமிற்கும் குறையாதிருந்தால், மருத்துவப் பரிசோதனைக்குப் பின் கொடையளிக்கலாம். ஆண்கள் 90 நாள்களுக்கு ஒருமுறையும் பெண்கள் 120 நாள்களுக்கு ஒருமுறையும் வழங்கலாம். அவசரம் நேரும் முன்பே நீங்கள் அளிக்கும் கொடையே, இரத்தத்திற்கு விலை பேசும் நிலையைத் தவிர்க்கும்.