அறியாத தாயகம்

அயல்நாட்டில் குடியேறும் குடும்பத்தார் முதலில் கற்பது அந்நாட்டின் வரலாற்றை அன்று. உப்பு எந்தக் கடையில் கிடைக்கும், பால் எந்நேரத்தில் வரும், எதிர்ப்படும் முதியவரை எவ்வாறு அழைப்பது என்பவற்றையே முதலில் கற்கின்றனர். இலண்டனில் குடியேறிய தமிழ்க் குடும்பம் இவற்றை அறியாமல் தடுமாறினால் எவரும் வியப்பதில்லை. புதியவர்கள், போகப் போகப் பழகிக்கொள்வர் என்று பொறுத்துக்கொள்வர். ஆனால், சொந்த நாட்டுக்குத் திரும்பியவர் என்னும் பெயருடன் ஒரு குடும்பம் வந்து இறங்கினால், ‘எனக்குத் தெரியாது’ என்று சொல்லும் உரிமைகூட அதற்குக் கிடைப்பதில்லை. தாயகம் திரும்பியோர் பட்ட துன்பங்களுள் பிறர் கண்ணுக்குப் புலப்படாத துன்பம் இதுவே.

சிவகாசி, சாத்தூர், ஆலங்குளம் முதலிய ஊர்களைக் கொண்ட கரிசல் நிலம் வானம் பார்த்த நிலம். மழை பொய்த்தால் மக்கள் வெளியேறுவது இங்குப் பழைய வழக்கம். இப்பகுதிக்கு இன்று புகழ் தரும் தீப்பெட்டித் தொழிலே வெளியூர் சென்றவர்களால் வந்ததுதான். அய்ய நாடாரும் சண்முக நாடாரும் 1922இல் கல்கத்தாவுக்குச் சென்று அத்தொழிலைக் கற்று வந்தனர். அவர்கள் விரைவில் ஊர் திரும்பினர். கண்டிச்சீமைக்குச் சென்றவர்களின் கதை வேறு. பத்தொன்பதாம் நூற்றாண்டில் காப்பித் தோட்டங்களுக்கும், 1867க்குப் பின் தேயிலைத் தோட்டங்களுக்கும் கங்காணிகள் அழைத்துச் சென்ற தமிழ்நாட்டு ஏழை மக்கள் பலர், தலைமுறை தலைமுறையாக அங்கேயே வாழ்ந்தனர். இலங்கை விடுதலை பெற்ற 1948ஆம் ஆண்டிலேயே இயற்றப்பட்ட குடியுரிமைச் சட்டம் அவர்களுள் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. 1964 அக்டோபர் 30ஆம் நாள் சாத்திரியாரும் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் செய்துகொண்ட உடன்படிக்கை, 9,75,000 பேரைக் கணக்கிட்டு, 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று வகுத்தது. எஞ்சிய 1,50,000 பேரை இரு நாடுகளும் 1974இல் சரிபாதியாகப் பிரித்துக்கொண்டன. நெல்லைப் பங்கிடுவது போல மக்களைப் பங்கிடலாமா என்னும் வினா ஒருபுறம் கிடக்கட்டும். ‘திரும்புவோர்’ என்று தாளில் எழுதப்பட்டவருள் மிகப் பலர் இந்தியாவைக் கண்ணால் கண்டவரே அல்லர். காணாத ஊருக்கு ஒருவர் எவ்வாறு திரும்புவது?

அத்தகைய குடும்பம் ஒன்றை மனக்கண்முன் நிறுத்திப் பார்த்தல் நன்று. நுவரெலியாவின் அருகே, ஏறத்தாழ ஆறாயிரம் அடி உயரத்தில் வாழ்ந்த குடும்பம் அது. தலைமன்னாரில் கப்பலேறி, இராமேசுவரத்தில் இறங்கி, மண்டபம் முகாமில் தங்கி, பாட்டனார் பிறந்த ஊர் என்னும் ஒரே காரணத்தால் ஆலங்குளத்தின் அருகே ஒரு சிற்றூருக்கு வந்து சேர்கிறது. மலையில் மழைக்கும் குளிருக்கும் காவலாக இருந்த கம்பளியைப் பாட்டி கடல் கடந்து சுமந்து வந்திருக்கிறார். முதல் நாளே அது பரணுக்குப் போகிறது. சித்திரை வெயிலில் அதைத் தொடவும் எவரும் விரும்புவதில்லை.

அடுத்தது தண்ணீர். தோட்டத்தில் மலையூற்று பீலி வழியாக இடைவிடாது கொட்டும். குடத்தை அடியில் வைத்தால் போதும். இங்கே ஆழ்கிணற்றில் கயிறிட்டு இறைக்க வேண்டும். எந்தக் கிணற்று நீர் குடிக்க ஏற்றது, எது உவர் என்பதை நாவால் அறிய வேண்டும். எந்தக் கிணற்றில் யார் இறைக்கலாம் என்பதையும், ஐயோ, அறிந்துகொள்ள வேண்டியிருந்தது! பெயரைக் கேட்கும் முன்பே எந்தத் தெரு என்று கேட்கும் வழக்கத்தைத் தாயகம் அவர்களுக்கு அளித்த முதற் பாடங்களுள் ஒன்றாகவே சொல்ல வேண்டும்.

உணவும் மாறியது. கோதுமை மாவில் தேங்காய்த் துருவல் சேர்த்துத் தட்டிய ரொட்டிக்குப் பழகிய நாக்கு, கம்மங்கூழையும் குதிரைவாலிச் சோற்றையும் சந்தித்தது. வேலையின் ஒழுங்கும் வேறு. விடியற்காலையில் தப்பு முழங்கும். பிரட்டுக்களத்தில் பெயர் பதிவாகும். பெண்ணும் ஆணும் நாட்கூலி பெறுவர். அது தோட்டத்து முறை. இங்கோ மழை பெய்தால் வயலில் வேலை. பெய்யாவிடில் தீக்குச்சிகளைச் சட்டத்தில் அடுக்குதல், பெட்டி ஒட்டுதல் போன்ற எண்ணிக்கைக் கூலி. மழை வந்தால் வீட்டுக்குள் ஓடிய குழந்தைகள், இங்கே மழை வந்தால் பெரியவர்களும் தெருவில் இறங்கி நிற்பதைக் கண்டு திகைத்தனர்.

மொழி ஒன்றே, ஆகவே தொல்லை இல்லை என்று சிலர் கருதலாம். தொல்லை அங்கேதான் தொடங்குகிறது. கடையில் ‘பாண்’ கேட்ட சிறுவனைக் கண்டு கடைக்காரர் விழிக்கிறார். ‘துண்டு’ என்றால் ஊராருக்குத் தோளில் போடும் துணி. பாட்டிக்கோ, கடன் தீர்ந்தால் ஆளை விடுவிப்பதாகத் தோட்டத்தில் எழுதித் தந்த சீட்டு. அத்துண்டு முறை 1921இல் ஒழிக்கப்பட்டும், பெற்றோர் சொல்லக் கேட்ட அச்சம் அவர் நெஞ்சை விட்டு நீங்கவில்லை. ‘சீனி’ மட்டும் இரண்டு இடத்தும் சீனியே. தென்பாண்டி மக்கள் வாயில் அச்சொல்லைக் கேட்ட அன்று அக்குடும்பம் அடைந்த மகிழ்ச்சி சிறிதன்று.

வேற்று மொழி பேசுவோரிடம் ஊரார் நிதானமாகப் பேசுவர்; கையசைத்தேனும் விளக்குவர். தமிழ் பேசுவோர் தடுமாறினால் மட்டும் நகைப்பு எழுகிறது. வகுப்பில் ஒருமுறை நகைப்புக்கு இடமான சிறுவன் மறுமுறை வாய் திறப்பதில்லை. வீட்டையும் கடனுதவியையும் அரசு தரலாம். நீலகிரியில் 1968இல் இவர்களுக்காகவே அரசு தேயிலைத் தோட்டம் தொடங்கியது. குளிரும் கொழுந்தும் பழகியவர்க்கு அது ஓரளவு பொருந்தியது. ஆனால், அறியாததைக் கூச்சமின்றிக் கேட்கும் துணிவை எந்த அரசாணையும் தர இயலாது. அதைத் தரவல்லவர் பக்கத்து வீட்டாரும் பக்கத்து இருக்கை மாணவரும் ஆவர். அவர்கள் அதைத் தராத ஊர்களே மிகுதி. ‘சிலோன்காரர்’ என்ற பெயர் பேரப்பிள்ளைகள் காலம் வரை ஒட்டிக்கொண்டிருந்தது. இலங்கையில் இந்தியர், இந்தியாவில் சிலோன்காரர்! எங்கும் அவர்கள் அயலாரே.

மார்கழி மாதத்துப் பனியில் ஒருநாள், பரணிலிருந்த கம்பளி இறங்குகிறது. இருமலால் வருந்தும் அடுத்த வீட்டுப் பெரியவர்க்கு அதை இரவல் கேட்டு ஒரு பெண் வருகிறாள். அத்தனை நாளும் கேட்பவராக மட்டுமே இருந்த குடும்பம் அன்று கொடுக்கும் குடும்பமாகிறது. குதிரைவாலியை எவ்வாறு குத்துவது என்று பாட்டி அவளிடம் அன்று கேட்கிறார், கூச்சப்படாமலே கேட்கிறார்.

1983க்குப் பின் போரினால் துரத்தப்பட்டு வந்தவர்களுக்காக அமைந்த முகாம்கள் விருதுநகர் மாவட்டத்திலும் உள்ளன. அவற்றை இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்கள் என்று அரசு 2021இல் பெயர் மாற்றியது. தமிழ்நாட்டு முகாம்களில் வாழ்வோருள் மலையகத்திலிருந்து வந்தவரும் உளர். அங்கே பிறந்த சிறுவர் இந்த மண்ணையும் வெயிலையுமே அறிவர். என்றேனும் அவர்கள் கடல் கடந்து சென்றால், அதையும் தாளில் ‘திரும்புதல்’ என்றே எழுதுவர். பாட்டி பேச்சின் நடுவே ‘பீலி’ என்கிறார். பீலி என்றால் என்ன என்று பேரன் கேட்கிறான்.