கணிதப் பட்டதாரிகளுக்கும் இடம் வேண்டும்

1905-06இல் பம்பாயைச் சூறையாடிய பிளேக்கின் வாராந்திரச் சாவுக் கணக்கை எடுத்துவைத்து, அதன் ஏற்ற இறக்கத்துக்குக் கெர்மாக், மெக்கென்ட்ரிக் என்ற இரு ஆய்வாளர்கள் 1927இல் ஒரு சமன்பாட்டைப் பொருத்திக் காட்டினார்கள். தொற்றக்கூடியவர், தொற்றியவர், விலகியவர் என்று மக்களை மூன்றாகப் பிரித்த அந்த முறைதான் இன்றும் தொற்றுநோயியலின் அரிச்சுவடி. கொரோனா காலத்தில், ஒரு நோயாளியிடமிருந்து சராசரியாக எத்தனை பேருக்குத் தொற்று பரவுகிறது என்பதைச் சென்னைத் தரமணி கணித அறிவியல் நிறுவனத்திலிருந்து கணித்துச் சொன்னவர் மருத்துவர் அல்லர், இயற்பியலாளர்.

இத்துறைக்கு வேண்டிய நிகழ்தகவும் வகைக்கெழுச் சமன்பாடும் கற்ற பி.எஸ்சி. பட்டதாரிகள் நம் அரசுக் கல்லூரிகளிலிருந்தே ஆண்டுதோறும் வருகிறார்கள். பி.எட்., வங்கித் தேர்வு தவிர வேறு வழி அவர்களுக்கு யாரும் காட்டுவதில்லை, இது வருத்தத்துக்குரியது. பொதுச் சுகாதார முதுநிலைப் படிப்பு மருத்துவம் சார்ந்தவர்களுக்கு மட்டுமே என்ற விதி எங்கிருந்தாலும் தளர்த்தப்பட வேண்டும். உடலியலுக்கு ஒரு பருவ இணைப்புப் பாடம் போதும். உதவித்தொகையுடன் கூடிய இடங்களை அரசு வரும் கல்வியாண்டிலேயே ஒதுக்க வேண்டும்.