மேலதிக நேரக் கொடுப்பனவைச் சட்டப்படி கணக்கிட்டு வழங்கச் செய்யக் கோரும் மனு

பெறுநர்: உதவித் தொழில் ஆணையாளர் அவர்கள், நுவரெலியா மாவட்டம்
அனுப்புவோர்: ஹட்டன், தலவாக்கலை, நுவரெலியா நகரங்களின் கடைப் பணியாளர் சங்கத்தினர்

ஐயா,

புடவைக் கடை, பலசரக்குக் கடை, ஹாட்வெயார் கடைகளில் வேலை செய்யும் நாங்கள் பெரும்பாலும் தோட்டத்து லயங்களிலிருந்து வருபவர்கள். சட்டம் ஏற்கெனவே எங்களுக்குத் தந்திருப்பதைக் கணக்குப் பார்த்துக் கொடுக்கச் செய்யுங்கள் என்பதே எங்கள் கோரிக்கை.

1954ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கக் கடை, அலுவலக ஊழியர் சட்டப்படி வேலைநேரம் நாளுக்கு 8 மணி, வாரத்துக்கு 45 மணி. அதற்கு மேல் செய்யும் வேலைக்கு ஒன்றரை மடங்கு. மாதச் சம்பளத்தை 240ஆல் வகுத்தால் ஒரு மணி நேரச் சம்பளம் வரும். 2026 ஜனவரி 1 முதல் தேசிய குறைந்தபட்சச் சம்பளம் 30,000 ரூபா. அப்படியானால் மணிக்கு 125 ரூபா, மேலதிக நேர (ஓ.டி.) வேலைக்கு மணிக்கு 187 ரூபா 50 சதம்.

கடைகளில் நடக்கும் கணக்கு வேறு. எங்கள் உறுப்பினர் ஒருவரின் முதலாளி அவர் கண்முன்னாலேயே கல்குலேட்டரை எடுத்து 30,000ஐ 30ஆல் வகுத்தார். வந்த ஆயிரத்தை, கடை திறந்திருப்பது பன்னிரண்டு மணி நேரம் என்று சொல்லி, மறுபடி 12ஆல் வகுத்தார். 83 ரூபா வந்தது. ஒன்றரை மடங்கு என்ற பேச்சே எழவில்லை. அன்றிரவு கடைசி பஸ்ஸும் போய்விட, கிடைத்த ஓ.டி. காசைவிடக் கூடுதலாக ஆட்டோவுக்குக் கொடுத்து அவர் லயத்துக்குப் போனார். முதலாளி ஏமாற்ற நினைத்தார் என்று நாங்கள் சொல்லவில்லை. 240 என்ற எண்ணை அவருக்கும் யாரும் சொல்லித் தந்திருக்கமாட்டார்கள்.

ஆனால் எல்லோரும் தெரியாமல்தான் செய்கிறார்கள் என்றும் சொல்ல முடியாது. சிலர் அடிப்படைச் சம்பளத்தைக் குறைத்துக் காட்டி, மீதியை ஓ.டி. என்று எழுதுகிறார்கள். ஓ.டி.க்கு ஊழியர் சேமலாப நிதி கட்ட வேண்டியதில்லை. முதலாளியின் 12 வீதம் அந்த அளவுக்கு மிச்சம். குறைவது எங்கள் வயதான காலத்துக் காசு.

சிவனொளிபாதமலை சீசனில் ஹட்டனில் கூட்டம் அதிகம் வருவது போயா நாட்களில்தான். போயாவில் வேலை செய்தால் ஒன்றரை நாள் சம்பளம் என்கிறது 1971ஆம் ஆண்டின் 29ஆம் இலக்க விடுமுறைச் சட்டம். எங்கள் கைக்கு வருவது சாப்பாட்டுப் பார்சல். வாரத்துக்கு 12 மணி நேரத்துக்கு மேல் ஓ.டி. கூடாது என்ற வரம்பு, தீபாவளி வாரத்தில் மூன்றாம் நாளே முடிந்துவிடுகிறது.

மலையில் எங்கள் அம்மாமாருக்குக் கொழுந்து நிறுக்கத் தராசு உண்டு, பேர் போட செக்ரோல் உண்டு. நிறுவையில் சண்டை வந்தாலும் காட்ட ஒரு கணக்கு இருக்கும். எங்களுக்கு முதலாளியின் ஞாபகம் மட்டும்தான். நாங்களாகக் கலண்டரில் பேனையால் கோடு போட்டு வைக்கிறோம். ஆகவே வந்த நேரமும் போன நேரமும் எழுதி இருவரும் கையெழுத்திடும் வரவுப் பதிவை ஒவ்வொரு கடையிலும் கட்டாயம் வைக்கச் செய்யுங்கள். மாதாமாதம் ஓ.டி.யைத் தனி வரியில் காட்டும் சம்பளத் துண்டு வேண்டும். மேலே சொன்ன கணக்கு தமிழிலும் சிங்களத்திலும் காசு மேசைக்கு மேலே ஒட்டப்பட வேண்டும்.

பரிசோதனைக்கு அதிகாரிகள் இரவு ஏழு மணிக்குப் பிறகு வர வேண்டும். காலை பதினொரு மணிக்கு வந்தால் எல்லாக் கடையும் சட்டப்படிதான் நடக்கும்! முறைப்பாடு செய்பவரின் பெயர் வெளியே போகக் கூடாது. சின்ன ஊர், மறுநாளே பஸ் ஸ்டாண்ட் வரை தெரிந்துவிடும்.

வரும் சித்திரைச் சீசனுக்கு முன்பு முதலாளிமாரையும் எங்களையும் ஒரே மண்டபத்துக்கு அழைத்து, இந்தக் கணக்கைப் பலகையில் ஒருமுறை போட்டுக் காட்டுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
தலைவர், செயலாளர், உறுப்பினர்கள்